அக்கா வாங்காத பலாப்பழம்

“...நடந்து வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புனா எங்க ஊட்டுக்கு என்னங்க மரியாதை? ரெண்டு கையையும் நீட்டுங்க” என்றபடி, கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் ஒரு அம்மா தம் வாசலில் நின்று எங்கள் அக்காவிடம் முழுப் பலாப்பழம் ஒன்றை நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை. பக்கத்தில் பையோடு நான் நின்றிருந்தேன்.

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரை நினைத்தால் எனக்கு அந்த வாசல்தான் முதலில் தெரிகிறது. இருந்தாலும் முறையாகச் சொல்கிறேன்.

புளியஞ்சோலைக்குக் கீழே, மக்காச்சோளமும் கடலையும் விளையும் எங்கள் தோட்டத்து வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தையல் மிஷினில் உட்கார்ந்தவர், என்னைக் கரையேற்றும்வரை எழுந்திருக்கவில்லை. நான் போட்ட பள்ளிக்கூடச் சட்டை ஒவ்வொன்றும் அவர் தைத்தது. “துணி கிழிஞ்சா வெக்கமில்ல கண்ணு, தைக்காம போட்டாத்தான் வெக்கம்” என்பார்.

அப்படிச் சொன்னவரே தம் நோயை மறைத்தார். இடப்பக்க மார்பையும் அக்குள் கட்டிகளையும் எடுத்தபின், “இந்தக் கையில ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ஊருக்கு நாங்கள் சொன்னது குடல்வால் ஆபரேஷன். முடி கொட்டியதும் பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை.

“ஏஞ் சாமி, குடல்வாலுக்கு எதுக்கு மொட்டை?”

“பழனிக்கு வேண்டுதலுங்க அத்தை.”

“அப்பறம் பஞ்சாமிர்தம் எங்க?”

அன்றே என்னைப் பழனிக்குப் பஸ் ஏற்றிவிட்டார் அக்கா. பஞ்சாமிர்தம் வாங்கப் போன நான், இருக்கட்டும் என்று மொட்டையும் போட்டுக்கொண்டு வந்தேன். என் தலையைத் தடவிப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உடம்பு தேறி இரண்டு வருடம் கழித்து, அவரைப் போல் பிழைத்து வந்தவர்கள் சிலர் புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலைக்கு நடக்கத் திட்டமிட்டார்கள். நடப்பவர்களுக்காக மற்றவர்கள் தரும் பணம் மலைப் பெண்களின் மார்புப் பரிசோதனைக்குப் போகும். வழியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அந்தப் பரிசோதனை முகாமுக்கு அழைக்கவும் வேண்டும். “எனக்குக் கெடச்ச உசுருக்கு நானும் ஏதாச்சும் செய்யோணும். ஆனா காலாலதான் குடுப்பேன், வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்” என்று கிளம்பினார். அருவி பார்க்கப் போவதாக அத்தையிடம் சொல்லியாயிற்று.

பாறைக்குப் பாறை உட்கார்ந்து ஏறினார். கூட வந்த மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், பாதியிலேயே, “போதும், திரும்பிரலாம்” என்று கெஞ்சினார். “நீங்க திரும்புங்க. போயி அத்தைக்குப் பதில் சொல்லுங்க” என்றார் அக்கா. மச்சானும் பின்னாலேயே ஏறினார். மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தவரைப் பார்த்தபோது, எனக்குச் சட்டை தைத்தவர்தானா இவர் என்று மலைத்துப்போனேன்.

மறுபடி நோய் வந்தபோது அவர் எதையும் மறைக்கவில்லை. அத்தையையே துணைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கடைசி நாட்களிலும் மலையில் ஆபரேஷன் ஆன பெண்களிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. “அக்கா, பஸ்ஸுல கை இடிபடாம எந்தப் பக்கம் உக்காரட்டுங்க?” படுத்தபடியே பதில் சொல்வார்.

கண்போல் பார்த்துக்கொண்ட மச்சானுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. இன்றைய பந்தியில் நீங்கள் சாப்பிடும் பலாச்சுளை அந்த வளப்பூர் அம்மா வீட்டு மரத்தினுடையது. அவர் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறார். “எழுதுங்க சாமி, நாலு பொம்பளைங்களுக்கு ஆகட்டும்” என்று அவரே சொன்னதால் மீதியையும் எழுதுகிறேன்.

அன்று அந்த வாசலில் அக்கா, ஊரில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“வேண்டாம்னு இல்லீங்க. எனக்கு மார்புல கேன்சருங்க. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. இந்தக் கையில பாரம் தூக்கக் கூடாதுங்க.”

“அது வந்துமா இந்த மலைய நடந்து ஏறுனீங்க?”

“ஆமாங்க. ஏறிட்டனுங்க.”

அந்த அம்மா பலாப்பழத்தைத் தரையில் இறக்கி வைத்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அக்காவை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். அக்காவின் வலக்கையைப் பிடித்து, அதுவரை யாருக்கும் காட்டாத தம் மார்புக் கட்டியின்மேல் வைத்தார்.