கதிரைக்கார நிஸாமின் கோப்பைகள்

வாடகைக்கு விட்ட கதிரைகளைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் நிஸாம் கப் பொறுக்குவார். நேற்றுக் கலியாணம் நடந்த வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் அவிழ்க்காமல் நிற்கும். இவர் குனிந்து குனிந்து பிளாஸ்ரிக் கப்புகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு போவார். கொஞ்ச நேரத்தில் அது அவருடைய தோள் உயரத்துக்கு வளர்ந்து வளைந்து ஆடும். அதைப் பக்குவமாகத் தூக்கிவந்து வாசற்படியில் சாய்த்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

"அண்ணை, இது உங்கடை நேற்றையான் சந்தோசம். வடிவாப் பாருங்கோ."

வீட்டுக்காரர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நிற்கையில் இவர் கதிரை அடுக்கத் தொடங்கிவிடுவார். இப்படிப் பேசுகிறவரை எவன் திரும்பக் கூப்பிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். கூப்பிடுகிறார்கள். கால் ஆடாத கதிரை யாழ்ப்பாணத்தில் அவரிடம்தான் இருக்கிறது.

ஐந்துசந்திக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அவருடைய கொட்டில். கதிரை, மேசை, பந்தல் எல்லாம் வாடகைக்கு. ஏற்றி இறக்க, பின்னால் பெட்டி பூட்டிய ஒரு பழைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின். தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றியபோது சிறுபிள்ளையாய்ப் புத்தளத்துக்குப் போனவர், தாடி வைத்த பிறகு திரும்பி வந்தவர். வாயில் எந்த நேரமும் ஒரு கராம்பு. இத்தனை கதிரைக்குச் சொந்தக்காரர் ஒரு கதிரையில் இருக்க நான் கண்டதில்லை. லான்ட்மாஸ்ரர் பெட்டியின் விளிம்பில்தான் குந்துவார். கேட்டால், "நாள் முழுக்கத் தூக்கிறதிலை ஏறி இருக்க மனம் வராது" என்பார்.

செத்த வீடு, கலியாண வீடு, கோயில், பள்ளிவாசல், மாதா திருநாள் என்று அவருடைய கதிரை போகாத இடமில்லை. ஆனால் அவர் போவது முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும்தான். "பொம்பிளை மாப்பிளையை நான் கண்டதில்லை. அவையின்ரை குப்பையைக் கண்டிருக்கிறன்" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் ஊரின் குப்பையைப் பற்றி அவரைவிட அனுபவத்தோடு பேசக்கூடியவர் எவருமில்லை.

இப்போது விருந்தென்றால் நின்றபடி சாப்பாடு. சாப்பிடும் தட்டை எங்கள் பக்கத்தில் கோப்பை என்போம். அந்தக் கோப்பையின் மேல் லஞ்சீற் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளை விரித்து, சோறு போட்டு, தின்று முடித்ததும் சுருட்டி எறிந்துவிடலாம். கழுவுகிற கரைச்சல் இல்லை. எறிந்ததில் பாதி பின்வளவில் கிடந்து எரியும். எரியாத பாதி மழைக்கு வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விடும்.

கடலுக்குப் போனது பெர்னடெட்டின் கையில் கிடைத்தது. பெர்னடெட் கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பெண். வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. மகளின் முதல்நன்மை விருந்துக்குக் கதிரை பேச வந்தவர், கொட்டில் மூலையில் நிஸாம் சேர்த்து வைத்திருந்த கப் மூட்டைகளைக் கண்டதும் கத்தத் தொடங்கிவிட்டார்.

"நீங்கள் இஞ்சை கலியாணம் கட்டுறியள், எச்சில் எங்கடை வலையிலை வந்து ஏறுது. என்ரை மனுசன் கடலுக்குப் போறது மீன் பிடிக்கவோ லஞ்சீற் பிடிக்கவோ?"

நிஸாம் கராம்பை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினார். "அக்கா, உதைத்தானே நானும் தனியக் கத்துறன். வாங்கோ, சேர்ந்து கத்துவம்."

குப்பைக்கு எதிராகச் சங்கம் தொடங்கிய கதை இவ்வளவுதான். நல்லூரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றஜனி ரீச்சர் வந்து சேர்ந்தார். சுற்றாடல், நிலைபேறு என்ற சொற்களெல்லாம் வருகிற மாதிரி நீளமான ஒரு பெயரும் வைத்தார். ஊர் அதைக் கோப்பைச் சங்கம் என்றது. அதுவே நின்றுவிட்டது.

முதற் கூட்டத்துக்கு நான் பத்திரிகைக்கு எழுதுவதற்கென்று போனேன். நிஸாம் கடையில் சொல்லி எல்லாருக்கும் தேநீர் எடுப்பித்தார். வந்தது பிளாஸ்ரிக் கப்பில். பெர்னடெட் தன் கையிலிருந்ததையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று நிஸாம் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த மண் தரையில் குந்தியே விட்டார். அன்று சிரித்த சிரிப்பில் நானும் உறுப்பினர் ஆகிவிட்டேன். சங்கத்தில் தேநீர்ப் பேணி கழுவும் வேலை எனக்கு.

திட்டம் எளிது. எவர்சில்வர் கோப்பையும் பேணியும் சங்கத்திடம் இருக்கும். விருந்து வைக்கிறவர்கள் கதிரையோடு சேர்த்துச் சும்மா கொண்டுபோகலாம். மூடப்பட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து நிஸாமே கோப்பைகளைப் பேசி எடுத்துவந்தார். அங்கேதான் சிக்கலும் வந்தது. கடையில் இறைச்சி தின்ற கோப்பையைச் சைவ வீடுகள் தொடுமா? மரக்கறிச் சாப்பாட்டுக்கென்று புதுக்கோப்பைகள் வாங்கி, அடையாளம் போட்டுப் புறம்பாக வைப்போம் என்றார் றஜனி ரீச்சர்.

நிஸாமுக்கு வந்ததே கோபம். "கோப்பைக்குமோ ரீச்சர் பிரிவினை? நாங்கள் பிரிபட்டுக் கிடந்தது காணாதோ? ஏலாது. கோப்பை எண்டால் ஒரே கோப்பைதான்." றஜனி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெர்னடெட் மெல்லத் தொடங்கினார். "சரி, ஒரே கோப்பை. அடுத்த மாசம் எங்கடை கோயில் திருநாளுக்கு முதலிலை நான் எடுக்கிறன்."

"எடுங்கோ அக்கா, சந்தோசம்" என்றவர் சற்று நின்றார். "அக்கா... சமையல் என்னமாதிரி? பண்டி இறைச்சியும் இருக்கோ?"

"திருநாளுக்கு இல்லாமலோ? பின்னை?"

நிஸாம் நிலத்தைப் பார்த்தார். "அப்ப... பிறகு அதை எங்கடை ஆக்களுக்குக் குடுக்கேலாதே."

பெர்னடெட் இடுப்பில் கை வைத்தார். "ஏன், கோப்பை எண்டால் ஒரே கோப்பைதானே? இப்ப ஆருக்குத் தம்பி துடக்கும் தீட்டும்?"

வேறொருவர் என்றால் அந்த இடத்தில் சங்கம் கலைந்திருக்கும். நிஸாம் வெட்கப்பட்டார், வெட்கத்தை ஒளிக்கவும் இல்லை. வாய்விட்டுச் சிரித்து, "என்ரை வாயாலையே மாட்டிப்போனன்" என்றார். பிறகு றஜனி ரீச்சரிடம் திரும்பினார். "நான் ஹலாலோ எண்டு கேக்கிறனான்தானே. அவை சைவமோ எண்டு கேட்டால் மட்டும் என்ன குற்றம்? ரெண்டாப் பிரியுங்கோ ரீச்சர்." பன்றி இறைச்சியை வாழையிலையில் போட பெர்னடெட் ஒத்துக்கொண்டார். மரக்கறிக் கோப்பைகள் புதிதாய் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நிஸாமின் மனைவி ஆஸிகா நீலப் பொட்டு வைத்தார். அவற்றுக்குப் புறம்பான பெட்டி, கழுவுவதற்குப் புறம்பான வாளி.

பழைய கோப்பைகள் திருநாளுக்குப் போயின, நிக்காஹ் வீடுகளுக்குப் போயின. நீலப் பொட்டுக் கோப்பைகள் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கதிரை பேச வரும் ஒவ்வொருவரிடமும் நிஸாம் கேட்பார். "இல்லைத் தம்பி, லஞ்சீற் சுகம்" என்று போய்விடுவார்கள். நல்லூரில் ஒரு வீடு எடுத்தது. மறுநாள் காலை போனால், ஒவ்வொரு கோப்பைக்கும் மேல் லஞ்சீற் விரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்று அவர் கப் பொறுக்கவில்லை, சந்தோசத்தைக் காட்டவும் இல்லை. கதிரையை ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குத்தான் என்னிடம் மனம்விட்டுக் கதைத்தார். "மச்சமோ மரக்கறியோ எண்டதெல்லாம் வெறும் சாட்டு. என்ரை கதிரையிலை இருக்கினம். என்ரை வீட்டிலை கழுவின கோப்பையிலை வாய் வைப்பினமோ? அதுதான் எனக்குத் தெரியவேணும். இல்லையெண்டால் நான் இந்த ஊருக்குக் கதிரைக்காரன் மட்டும்தான்." ஒரேயொரு சைவ வீடு ஒழுங்காக எடுத்துவிட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. அந்த ஒரு வீடுதான் வராமல் இருந்தது.

அது போன மாதம் வந்தது. உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்யும் தில்லையம்பலம், தகப்பன் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கதிரை பேச வந்தவர், தானாகவே கேட்டார். "உந்தக் கோப்பையளையும் ஏத்தி விடும் தம்பி. காத்தடிச்சால் எங்கடை வெங்காயத் தறைக்குள்ளை லஞ்சீற்தான் முளைக்குது."

"ஒரு கண்டிசன் அண்ணை. மேலை லஞ்சீற் விரிக்கப்படாது. விரிக்கிறதெண்டால் கதிரையை மட்டும் கொண்டுபோங்கோ."

"விரிக்கமாட்டம்."

நிஸாமும் ஆஸிகாவும் முதல்நாள் பகல் முழுக்கக் கழுவினார்கள். துடைத்து, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் கட்டினார்கள். விசேட நாள் விடியவே நிஸாம் உரும்பிராய்க்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். சாப்பாட்டுக்குச் சற்று முன், எல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்க்க றஜனி ரீச்சரும் நானும் அவரோடு போனோம். முன்வாசலில் சனம். நாங்கள் வளவைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனோம்.

தில்லையம்பலத்தின் மனைவி அங்கே பலகையில் குந்தியிருந்தார். முன்னால் வெள்ளைத் துணி அவிழ்ந்து கிடந்தது. பழப்புளியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு கோப்பையாக உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

றஜனி ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, அது சைவக் கோப்பை. புதுசு. ஒரு மச்சமும் படாதது."

அவர் நிமிரவில்லை. "தெரியும் பிள்ளை."

அந்தத் 'தெரியும்' எனக்குச் சுருக்கென்றது. தெரிந்துகொண்டுதான் தேய்க்கிறார் என்றால் எதைத் தேய்க்கிறார்? எல்லாவற்றையும் கட்டி ஏற்றுங்கள், போவோம் என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. நிஸாமைப் பார்த்தேன். முகம் செத்துப்போய் நின்றார். அந்தக் கோப்பைகளை அவரும் மனைவியும் எப்படித் துடைத்தார்கள் என்று கண்டவன் நான்.

நிஸாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குள் இறங்கி, அந்த அம்மாவுக்கு எதிரே குந்தினார். தேய்க்காமல் கிடந்த பக்கத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார்.

"கனக்கக் கிடக்குதக்கா. சனமும் வந்திட்டுது. தாங்கோ, நானும் தேய்க்கிறன்."

அந்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். நிஸாமின் முகத்தைப் பார்த்தார், நீட்டியிருந்த கையைப் பார்த்தார், தான் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகளைப் பார்த்தார். சமையல் நடந்த குசினிப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கையிலிருந்த புளியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை நிஸாமின் உள்ளங்கையில் வைத்தார்.