சிக்கந்தர் அண்ணனின் ஹீலியம் சிலிண்டர்

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஹீலியம் பலூனை முதன்முதலில் கொண்டுவந்த மனுஷன், என் தலைவன், பலூன் சிக்கந்தர் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்!!

இப்போதுதான் போன் வந்தது... அவசரமாக டைப் பண்ணுகிறேன். பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கேஸ் பலூன் என்றால் ஹைட்ரஜன்தான். பீடி நெருப்பு பட்டால் குப்பென்று பிடிக்கும். ஒரு விசேஷ வீட்டில் அவருடைய பலூனே ஒரு பிள்ளையின் முடியைப் பொசுக்கிவிட்டது. அன்றோடு அதை விட்டார். மதுரையிலிருந்து ஹீலியம் சிலிண்டர் எடுத்துவர ஆரம்பித்தார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பலூனை ஊதியதும் எல்லோரையும் கூப்பிட்டு, தீக்குச்சியைக் கிழித்து அதில் வைப்பார். பட்! அவ்வளவுதான்.

"பாத்தியளா... நெருப்பே வராது. பிள்ளைகள தைரியமா வெளையாட விடுங்க."

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்கணும்... ஹீரோ!

பாலிடெக்னிக் லீவில் எல்லாம் நான் அவரோடுதான் வேலை செய்தேன். ஏணி பிடிப்பேன், நூல் கட்டுவேன். கண் மட்டும் சிலிண்டர் மேலேயே இருக்கும்.

நம்ம பேஜில், காற்றழுத்தத்தில் பழம் எறிகிற ஏர் லாஞ்சர் வீடியோ போடும்போதெல்லாம் "ஹீலியம் போட்டா எவ்வளவு தூரம் போகும் ப்ரோ?" என்று கேட்பீர்களே... நான் பதில் சொல்லாமல் நழுவுவேனே... காரணம் இதுதான்.

ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில் பேரப்பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். பெரிய ஆர்டர். முந்தின நாளே சிலிண்டரை டெம்போவில் கொண்டுவந்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இறக்கினார். வால்வு சாவியைப் போட்டு இறுக்கி, காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் டீ குடித்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அவர் கிளம்பின அரை மணி நேரத்தில் என் சேக்காளி கண்ணன் வந்தான். பிவிசி பைப்பில் நானே ஒட்டிச் செய்த லாஞ்சர் ஒன்று எங்களிடம் இருந்தது. சைக்கிள் பம்ப் காற்றில் எலுமிச்சம்பழத்தை எறியும். லேசான கேஸ் போட்டால் வேகம் பல மடங்கு கூடும் என்று லைப்ரரியில் எதிலோ படித்துவிட்டு, நான்தான் அவனிடம் பெருமையடித்திருந்தேன்.

"ஏலே, பலூனையே தூக்குத கேஸு. எலுமிச்சம்பழத்த சும்மா விடுமா? சங்கரன்கோயில்ல போயி விழும்லே!" என்றான் கண்ணன்.

திறந்தேன். சிலிண்டரிலேயே கிடந்த சாவியைப் போட்டு, நான்தான் திறந்தேன்.

முதல் பழம்... பம்ப் காற்றில் எங்கே விழுமோ அங்கேயேதான் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே.

"சரியா ஏத்தலலே. இன்னொண்ணு விடு."

இப்படியே ஒரு பை பழமும் தீர்ந்தது. ஹோஸும் பொருந்தவில்லை, பாதி கேஸ் வெளியேதான் போயிருக்கும். வாசனையே கிடையாதே, எப்படித் தெரியும்?

கடைசியில் சமையல் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிற மாதிரி அதைச் சாய்த்துத் தூக்கிப் பார்த்தேன். அதே கனம். நிறைய இருக்கிறது என்று நம்பி மூடிவைத்தேன். ஹீலியம் முழுக்கத் தீர்ந்தாலும் அந்த இரும்பு அதே கனம்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை...

எங்கள் பைப் தாங்குகிற கொஞ்சநஞ்ச அழுத்தத்தில் காற்றுக்கும் ஹீலியத்துக்கும் பெரிய வித்தியாசமே வராது என்பதை ரொம்ப வருஷம் கழித்து நெட்டில்தான் படித்தேன்.

மறுநாள் சாயங்காலம். தீக்குச்சி காட்டி, கைதட்டு வாங்கி, கேட்டில் பலூன் வளைவு பாதி கூட வரவில்லை... சிலிண்டர் புஸ்ஸென்று நின்றுவிட்டது.

"என்ன பாய், காலி சிலிண்டரக் கொண்டாந்து எங்க தலையில கட்டப் பாத்தியளா?" என்றார் முதலாளி.

"ஒம்ம பத்தாத கேஸு பத்தாமப் போச்சே!" என்று கூட்டத்தில் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

"பழைய கேஸாவது கொண்டாந்து ஊதித் தொலையும்."

"அத மட்டும் செய்ய மாட்டேன் மொதலாளி. பிள்ளைக இருக்கிற எடம்." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நேத்து நாந்தான் வால்வச் சரியா மூடாம விட்டுட்டேன் போல. தப்பு என்னோடதுதான்."

நான் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது டெம்போவில் கேட்டார்.

"ஏலே, நீ பக்கத்துலதான நின்ன... நான் மூடுனனா இல்லையா?"

"தெரியலண்ணே."

இதைத்தான் சொன்னேன். தெரியலண்ணே.

அடுத்த ஆர்டரில் வால்வு சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே மூடுலே. எங்கைய நம்ப முடியல." வாங்கிக்கொண்டேன். வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்...

அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, என் மைனி, சிரித்துக்கொண்டே சொன்னாங்க, "ஒங்கண்ணனுக்கு என்னமோ ஆயிப்போச்சு. தண்ணிக் குழாய மூடிட்டு மறுபடி மூணு தடவ போயிப் பாக்காரு. கேட்டா, 'நான்தான் மறதிக்காரனாச்சே'ங்காரு."

அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். கடைசி வரைக்கும் அப்படித்தான் நம்பியிருந்திருக்கிறார்.

போன ரம்ஜானுக்குக் கூடப் பேசினோம். சொல்லியிருக்கலாம். பிரியாணி பற்றிப் பேசினேன்.

அண்ணே... நீங்க மூடுனீங்க. நல்லா இறுக்கி மூடுனீங்க. நான் பாத்தேன்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் அடக்கம். நான் பஸ்ஸில் இருக்கிறேன். அந்தப் பிறந்தநாள் வீட்டில் அன்று இருந்தவர்கள், சிரித்தவர்கள், யார் இதைப் படித்தாலும் நேரே அண்ணன் வீட்டுக்கு வாருங்கள். மைனி முன்னால், உங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டும். ராஜபாளையத்து ஆட்களை டேக் பண்ணுங்கள். இங்கே RIP போட வேண்டாம்... வாங்க.