சமைக்கக் கூடாத அறையில் ஒரு பச்சைச் சாறு

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் எங்கள் அறைக்கு நேரே ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது: "அறைக்குள் சமைக்கக் கூடாது." சமைத்தால் அறையை விடவேண்டும். அறை போனால் அந்த விலாசத்தில் செய்த பொலிஸ் பதிவும் போய்விடும். பதிவில்லாத யாழ்ப்பாணத்து ஆட்களை அந்த யுத்த நாட்களில் வேறு எந்த லொட்ஜும் எடுக்காது. தெருவில் நின்றால் நேரே பொலிஸ் ஜீப்புக்குள்தான். வெளிநாட்டில் இருந்த மகனிடம் போக, விசாவுக்காக நானும் கணவரும் அங்கே காத்துக் கிடந்தோம்.

கடைச் சாப்பாடு அவருடைய வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. ஆள் மெலிந்துகொண்டே போனார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? நான் ஊரில் மனையியல் படிப்பித்தவள். சலாதுக்கு ஊற்றும் பச்சைச் சாறு எங்கள் பாடத்தில் இருந்தது. வெள்ளைக்காரர் விட்டுப்போன செய்முறை: பார்ஸ்லி, ஒலிவ் எண்ணெய், வினாகிரி. யாழ்ப்பாணத்தில் பார்ஸ்லிக்கு எங்கே போவது? கொத்தமல்லியிலையும் புதினாவும் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றினேன். பொருளாதாரத் தடையில் வினாகிரி கிடைக்காமல் போனபோது தேசிக்காய் பிழிந்தேன். செய்முறைப் பரீட்சைக்குப் புள்ளி போட வந்த அம்மையார் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கிண்ணத்தை வழித்துத்தான் வைத்தார்.

லொட்ஜிலும் அதையே செய்தேன். இலையையும் வெங்காயத்தையும் பொடியாக வெட்டி, உப்பு, மிளகுத்தூள், எண்ணெய், தேசிப்புளி சேர்த்துப் போத்தலில் குலுக்கினால் சரி. வெள்ளரிக்காய்க்கும் அதுதான், தக்காளிக்கும் அதுதான், பேக்கரிப் பாணுக்கும் அதுதான். அவர் இன்னொரு துண்டு பாண் கேட்டார். மணம் பிடித்து, பக்கத்து அறைக்காரரும் பாணோடு வரத் தொடங்கினார்கள்.

ஒரு மத்தியானம் மனேஜர் வந்து நின்றார். "டீச்சர், சமைக்கக்கூடாதெண்டு சொன்னனான்தானே. நாளைக்கு ரூமை விடுங்கோ."

"இஞ்சாரும், வம்புக்குப் போகாதையும்," என்றார் கணவர். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, அடுப்பு எங்க? நெருப்பு எங்க? கட்டிலுக்குக் கீழயும் பாரும்," என்று பெட்டியையும் திறந்து காட்டினேன். "இலை வெட்டினதுக்கு ஆரும் ஆக்களைக் கலைக்கிறதோ?"

"மணக்குது, டீச்சர்."

"நல்ல சாப்பாடு மணக்கத்தான் செய்யும்."

பாணோடு வாசலில் நின்றவர்கள் அசையவில்லை. மனேஜர் அவர்களைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் அறையை விடச் சொல்லி யாரும் வரவில்லை. அறிவித்தலின் கீழே மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி கூடியிருந்தது: "வெட்டவும் கூடாது."

அன்றைக்கு மல்லியிலையைக் கையால் கிள்ளினேன். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் கிள்ளினேன்.