ஊருணிக்கரையில் பேச்சு வாங்கியவன்

கெட்டுப்போன நீர்நிலையைச் சீர்படுத்தப் போகிறவனுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் அபிப்பிராயங்கள் வந்து நிறைந்துவிடும். குளமோ கண்மாயோ, எதையாவது தூர்வாரப் போய் ஊர் வாயில் விழுந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காரைக்குடியில் பூங்காவுக்குள் புதர் மண்டிக் கிடந்த ஓர் ஊருணியை, மக்கள் நடந்து பார்க்கவும் பள்ளிப் பிள்ளைகள் வந்து படிக்கவும் ஏற்றதாக மாற்றும் வேலை எனக்கு.

முதலில் வந்தது

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க ஜேசிபி வந்தது. ஓட்டுநர் முருகேசன் அதிகம் பேசாதவர். ஒரு காலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். எதிரே ஓர் ஆள்காட்டிக் குருவி இறக்கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தது. அதன் பின்னால், வெறும் சரளைமேல் முட்டைகள்.

மழைக்கு முன் வேலை முடிய வேண்டும், முட்டையை எடுத்து ஓரமாக வை என்று ஒப்பந்தக்காரர் போனில் சத்தம் போட்டார். இடம் மாற்றினால் தாய் அடைகாக்காமல் விட்டுவிடலாம் என்றேன். போனை ஓட்டுநரிடம் கொடுக்கச் சொன்னார். முருகேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அது எடம் பிடிச்சு உக்காந்துருச்சுண்ணே. நான் அங்குட்டுப் போயித் தோண்டுறேன்."

சம்பங்கோரை

தெருச் சாக்கடை ஊருணியில் கலக்கும் வாயில் சம்பங்கோரை நட்டிருந்தோம். அழுக்கை அது வடிகட்டும். பூங்காவில் நடக்க வருபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பாம்பு வரும் என்றார்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் ஊருணிக்கு எதிர்வீட்டு அழகப்பன் செட்டியார், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிமென்ட் கரையும் நீரூற்றும் போதும் என்பது அவர் கட்சி. நான் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்புவதற்குள் ஆள் வைத்து மொத்தத்தையும் அறுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. சண்டை போடவில்லை, போட்டாலும் கோரை முளைத்துவிடாது. அடுத்து அடித்த மழையில் சாக்கடை நேரே ஊருணிக்குள் இறங்கியது. மீன்கள் மிதந்தன. நாற்றம் முதலில் போய்ச் சேர்ந்தது எதிர்வீட்டுக்குத்தான். மறுபடி நாற்று வந்து இறங்கிய அன்று செட்டியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நடுறது நடுறீக, எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் கூடவே நடுங்க."

வெள்ளைச் சீருடை

முதல் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் கைகட்டி வரிசையாக நின்றார்கள். யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வலையால் சேற்றை அள்ளித் தட்டில் கொட்டினேன். அதில், இறக்கை முளைக்கும்வரை தண்ணீருக்குள்ளேயே வளரும் ஒரு தட்டான் குஞ்சு, கொசுப்புழுவைப் பிடித்துத் தின்றது. டீச்சர் குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு வலையை என்னிடமிருந்து வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாமே இறங்கிவிட்டார். கரையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், அப்ப நாங்களும் கேக்காம எறங்கலாமா?"

கைப்பிடி

தண்ணீருக்கு மேல் மரநடைபாதை போட்டு, இரண்டு பக்கமும் அகலமான கைப்பிடிச் சட்டம் வைத்தோம். எனக்கு அதில் பெருமைதான். சரசு என்ற தையல்காரப் பெண் சக்கர நாற்காலியில் வந்தார். பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் இந்த ஊருணியை அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லையாம். சரிவுப் பாதையில் ஏறி நடுப்பகுதிவரை போனவர் அப்படியே திரும்பி வந்தார். பிடிக்கவில்லையா என்றேன். எல்லோரும் கைவைக்கிற உயரத்தில் தன் கண் இருக்கிறது, கட்டைதான் தெரிகிறது என்றார் சிரித்தபடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பகுதியில் சட்டத்தைக் கழற்றிக் கம்பிவலை பொருத்தினோம். தகவல் சொல்லி அனுப்பியதும் சரசு வந்தார். வெயில் ஏறும்வரை அசையாமல் இருந்தார். நீர்க்கோழி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இன்னும் ஒண்ணும் வரல. வாரவரைக்கும் நான் இருக்கேன், நீங்க போயி வேலையப் பாருங்க."

மொத்தத்தில், நான் திருத்தப் போன ஊருணியைவிட அதிகம் திருத்தப்பட்டது, அதற்காக நான் போட்டுவைத்த வரைபடம்தான்.