லேபிள் தாளில் வந்த அரிசி

விஸ்வநத்தத்துக் கிறிஸ்தவ சபையில் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு வேலை உண்டு. யாரும் கொடுத்ததல்ல, அவளாகவே எடுத்துக்கொண்டது. கைப்பிடி அரிசி பார்க்கிற வேலை. சபையில் முப்பது குடும்பம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, கோயில் வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாதம் ஒருமுறை போதகர் ஐயர் வந்து இராப்போசன அப்பமும் ரசமும் கொடுத்த பிறகு அந்த அரிசியைப் பொங்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் பச்சரிசி. எல்லாம் ஒரே பானையில் விழுந்தால் பாதி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். அந்தச் சோற்றைக் குறை சொன்னவர்களைப் பொன்னுத்தங்கம் சும்மா விட்டதில்லை.

"முப்பது வீட்டுக்காரங்களும் ஒண்ணுபோலயா இருக்கோம்? சோறு மட்டும் ஒண்ணுபோல வேகணுமாக்கும்!"

பதினாறு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு மாறினாள். வீடுகளில் தாளில் சுருட்டி வரும் வெடிக் குழாய்களைச் சோதித்து வாங்குவது அங்கே அவள் வேலை. குழாயை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், இன்னார் வீட்டுக் கை என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கே இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஒரு விஷயம் பிடிபடாமல் போயிற்று.

ஈஸ்டர் முடிந்ததிலிருந்து பெட்டிக்குள் வாரம் ஒரு பொட்டலம் கிடந்தது. அச்சாபீசில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் தாளில், சில பிடி அரிசியை வைத்து இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே மடக்கியிருந்தது. எல்லாரும் பையில் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். இதென்ன பொட்டலம்? ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் அதைக் கிழித்துக் கொட்டிவிடுவாள். பிறகு வாரம் முழுக்க அதே யோசனை. புதிதாகச் சபையில் சேர்ந்த சண்முகத்தாயாக இருக்குமோ என்று கேட்டும் பார்த்தாள்.

"பொட்டலம் போட நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்? போங்கக்கா!" என்று அவள் சிரித்தாள்.

கார்த்திகை பிறந்து நல்ல மழை. ஐயர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதென்று பொன்னுத்தங்கம் அரிசியை அள்ளிப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வந்து நின்றார்.

"அக்கா, தேவகனி சாத்தூர் சபைக்கு மாறுதாளாம். நாளைக்கு ஐயர்ட்ட மாறுதல் கடிதம் வாங்கிக்கிடுதேன்னு சொல்லிவிட்டுருக்கா."

தேவகனி மூன்றாம் தெருக்காரி, பொன்னுத்தங்கத்தை மதினி என்று கூப்பிடுகிறவள். ஈஸ்டர் பந்தியில் அவள் இடது கையில் கரண்டியைப் பிடித்துக் குழம்பு ஊற்ற வந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு எல்லாம் இடக்கைதான். "ஏட்டி, பந்தியில பீச்சாங்கையாலயா ஊத்துவ? வையி கரண்டிய!" என்று அத்தனை பேர் முன்னாலும் பிடுங்கிவிட்டாள் பொன்னுத்தங்கம். நாலு பேர் சிரித்தார்கள். தேவகனி சாப்பிடாமல் எழுந்து போனவள்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் கோயிலுக்கு வரவில்லை. இந்தக் கம்பெனிக்குக் குழாய் சுருட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, வேனில் சாத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனாள். மாதாமாதம் ஐயர், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் ஒப்புரவாகுங்கள் என்று சொல்லும்போது, 'மனத்தாங்கல் அவளுக்குத்தான், எனக்கில்லையே' என்று பொன்னுத்தங்கம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு போய் முழங்கால் போடுவாள்.

உபதேசியார் போனதும் அந்த வாரத்துப் பொட்டலத்தை எடுத்தாள். தாள் நனைந்து ஊறியிருந்ததால் கிழிக்காமல் மெல்லப் பிரித்தாள். கை போன பக்கம் தாள் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். இடக்கையால் சுருட்டியதுபோல் சுற்று மாறி ஓடியது. அப்படிச் சுருட்டுகிற கை அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

பாயில் அரிசியை அப்படியே போட்டுவிட்டு, ஈரத்தாளை மடக்கிக்கொண்டு மூன்றாம் தெருவுக்கு நடந்தாள்.

தேவகனி சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மதினி, மழையில வழி தப்பி வந்துட்டீகளா?"

"இது உன் கைதானட்டி?"

தேவகனி தாளைப் பார்த்தாள். "அரிசிய வச்சுக்கிட்டுத் தாளக் குடுக்க வந்தீகளாக்கும்."

"கோயிலுக்கு வரமாட்ட. சாத்தூருக்குக் கடிதம் கேக்க. பெறகு இங்கன எதுக்கு அரிசி போடுத? அதச் சொல்லு, எனக்கு மண்ட காயுது."

தேவகனி சுளகைக் கீழே வைத்தாள்.

"உலை வைக்கையில கை தானா ஒரு பிடி எடுத்துருது மதினி. எடுத்தத மறுபடி பானையில போட மனசு வரல. வாரத்துல ஒருநா காலைல வேன் ஏறப் போறப்ப பெட்டியில போட்டுருவேன். பந்திக்குத்தான இந்தக் கை ஆகாது, பானைக்கு ஆகாமலா போயிரும்னு..." பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பொன்னுத்தங்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பீச்சாங்கை ஆகாதுன்னு எங்க ஆத்தா சொன்னது. வேதத்துல அப்பிடி இல்லியாம். சனத்த மீட்க ஆண்டவர் ஒரு இடதுகைக்காரனத் தேடிப் பிடிச்சில்லா அனுப்பியிருக்காரு, உபதேசியார்ட்ட ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டுட்டேன்."

"ரெண்டு மாசமா? பெறகு ஏன் வரல?"

"அவன் ராசாவையே குத்திப்போட்டவனாம். கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு."

தேவகனிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"நாளைக்கு நீ வரலன்னா நான் இராப்போசனம் எடுக்கமாட்டேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"மிரட்டுதீகளோ?"

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. பாட்டு முடிந்தது, பிரசங்கமும் முடிந்தது. தேவகனியைக் காணவில்லை. ஒவ்வொரு வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். பொன்னுத்தங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்தில் அவள் போகாத முதல் இராப்போசனம். சண்முகத்தாய் முழங்கையால் இடித்தாள், அவள் அசையவில்லை. ஐயர் அப்பத் தட்டோடு பீடத்துக்குத் திரும்ப இருந்தார்.

அப்போதுதான் வாசலில் நனைந்த செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தேவகனி உள்ளே வந்து, பொன்னுத்தங்கத்தின் தோளில் ஈரக் கையை வைத்தாள். "எந்திரிங்க மதினி. ஐயர் நிக்காருல்லா." இரண்டு பேரும் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள்.

பந்தி போட்டார்கள். அன்றைக்குப் பொன்னுத்தங்கம் பரிமாறவில்லை, முதல் வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கரண்டியைத் தேவகனியிடம் கொடுக்கச் சொன்னாள். தேவகனி வாளியோடு எதிரே வந்து நின்றாள்.

"எந்தக் கையால ஊத்த?"

"ஏழு மாசமா எந்தக் கை அள்ளிப்போட்ட அரிசியத் தின்னோமோ, அந்தக் கையால ஊத்து."

பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது. இடக்கை தாழ்ந்து, குழம்பு சிந்தாமல் இலையில் விழுந்தது.

அந்தப் பக்கம் வந்த உபதேசியார், "தேவகனி, அந்தக் கடிதம்...?" என்று இழுத்தார்.

"கையில கரண்டி இருக்கே, தெரியலையா அண்ணாச்சி?" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தாள் தேவகனி.

பொன்னுத்தங்கம் ஒரு வாய் எடுத்து வைத்தாள். "குழம்புல உப்புக் கம்மி."

தேவகனி திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு கரண்டி ஊத்தவா, இல்ல வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுதீகளா?"

"ஊத்து" என்றாள் பொன்னுத்தங்கம்.