பெயர் சொல்லிக் கேட்ட பெட்டி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றின் ஆபீசில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பார்ப்பவர் பரிபூரணம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். திரையில் எந்தப் பெட்டி எழும்பி அனுமதி கேட்டாலும் லேசில் கொடுக்க மாட்டார். ஒரு பெட்டி பாஸ்வேர்டு கேட்கும். இன்னொன்றுக்கு வெறும் 'ஆம்' போதும். நேற்று வலப்பக்கம் இருந்த 'வேண்டாம்' இன்று இடப்பக்கம் இருக்கும். கேட்பது ஒரே கம்ப்யூட்டர்தானா என்று அவருக்குச் சந்தேகம்.

ஆவணியில் புதுப் பிரிண்டர் மாட்ட மெக்கானிக் விமல் வந்தான். மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டி எழும்பியது. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாதவர்' என்றிருந்தது.

"ஆம் போடுங்கக்கா. பிரிண்டர்தான் கேக்கு."

"பேரு தெரியாதவனுக்கு நான் எதுக்குப்பா கதவத் தொறக்கணும்?"

முதலாளி வைகுண்டராஜ் எழுந்து வந்தார். "லேபிளுக்காக லாரி நிக்குதும்மா."

"நீங்க வேணா அமுக்குங்க சார். நான் அமுக்க மாட்டேன்."

மவுஸ் வரை போன கையை அவர் இழுத்துக்கொண்டார். "ஏலே விமல், என்னன்னு முழுசாப் பாரு."

விமல் பிரிண்டர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டான். மஞ்சள் பெட்டி அவர்களுடையதுதான். சந்தேகத்துக்கு, ஏற்கெனவே ஏற்றியிருந்த புரோகிராம்களையும் வரிசையாகப் பார்த்தான். ஓரிடத்தில் நின்றான்.

"அக்கா, இதை எப்ப போட்டீங்க? வெளியூர்ல இருந்துக்கிட்டே நம்ம திரையப் பாக்கலாம் இதுல."

பரிபூரணம் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். போன திங்கட்கிழமை, கூரியர் ரசீது என்று வந்த ஒரு மெயிலைத் திறந்தபோது நீலப் பட்டைப் பெட்டி வந்திருந்தது. தயாரித்த கம்பெனியின் பெயர் முழுசாக இருந்தது, பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்றும் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றுதான். மறுபேச்சில்லாமல் 'ஆம்' அழுத்தியிருந்தார்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார், விமல் வாய் திறக்கும் முன்னே.

நெட் வயரைப் பிடுங்கினார்கள். ஆபீஸ் மெயில் கணக்கை முதலாளியின் போனில் திறந்து பாஸ்வேர்டை மாற்றினார்கள். அனுப்பாத கடிதங்களுக்குள், பரிபூரணம் எழுதாத ஒன்று கிடந்தது: எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று, வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும்.

"யாருக்கும் போகலல்லா?" என்றார் வைகுண்டராஜ்.

"போகல சார்."

அன்று லேபிள்களைக் கையால் எழுதி ஒட்டினார்கள். லாரி சாயங்காலம் கிளம்பியது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவும் பரிபூரணத்துக்குச் சந்தேகமாகவே இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றி வந்த கம்ப்யூட்டரில், முதல் நாளே ஒரு பெட்டி எழும்பியது. விமலுக்குப் போன் போட்டு எழுத்து விடாமல் வாசித்தார்.

"எனக்கும் தெரியலக்கா. தொடாம வைங்க, வாரேன்" என்றான்.