மகனின் பதவிக்கு ஒரு பணி விவரம்

ஜூலை, இரண்டாம் புதன்கிழமை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் உள்ள தன் பட்டறையில், மதிய உணவுக்குப் பின் நெஞ்சு வலிப்பதாக என் மகன் சொன்னான். பூந்தமல்லிக்கு ஆட்டோவில் கொண்டு சென்றார்கள். மருத்துவமனையை அடையுமுன் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தொன்று.

ஜூலை, நான்காம் திங்கட்கிழமை. பட்டறை மீண்டும் திறக்கப்பட்டது. எங்களிடம் தகட்டு உதிரிபாகங்கள் வாங்கும் ஒரே நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி அம்பத்தூரிலிருந்து பேசினார். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு மேலாளரை நியமித்து, அவருடைய பணி விவரத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். இல்லையேல் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

ஆகஸ்ட், முதல் செவ்வாய்க்கிழமை. எழுதத் தொடங்கினேன்.

கல்லூரியில் பணியாளர் நிர்வாகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணி விவரம் என்பது நாற்காலியைப் பற்றியது, அதில் அமர்ந்திருப்பவரைப் பற்றியது அன்று என்று ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கடமைக்கும் ஒரு வினைச்சொல் வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். கடைசி வரியில், அவர் இல்லாத நாளில் பொறுப்பேற்பவர் யார் என்று குறிப்பிட வேண்டும். ஆளின் குணமோ பழக்கமோ உள்ளே வரலாகாது. இந்த விதிகளின்படி என் மகனை நீக்கிவிட்டு அவன் செய்ததை மட்டும் எழுத வேண்டியிருந்தது.

ஒரு வேலையின் எல்லையை அதன் அக்கம்பக்கத்து வேலைகளைக் கொண்டே அறிய முடியும். ஆகவே டை என்னும் அச்சில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுபவரை முதலில் அழைத்தேன். ஐம்பதைத் தொட்டவர், பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்.

"டை மாத்தறது என் வேல சார். ஓட்டறது என் வேல. பீஸ்ல பிசிறு வந்துச்சுன்னா எட்த்துகினு போயி அண்ணாத்தே டேபிள்ல வச்சிடுவேன். அனுப்பலாமா கூடாதான்னு அவுரு சொல்வாரு." அண்ணாத்தே என்றது என் மகனை.

"இப்போது யார் சொல்கிறார்கள்?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? வச்சிகினுதான் கீறேன்."

துண்டுகளைச் சோதிக்கும் அம்மாள் நசரத்பேட்டையிலிருந்து வருபவர். அளவுகோலைக் கீழே வைக்காமலே குறுக்கிட்டார். "டேபிள்ல எடம் இல்லன்னு சேர் மேலயும் வைக்க ஆரம்பிச்சுட்டாரு சார். போற போக்குல அந்த டேபிளுக்கு ஒரு டீயும் வச்சிட்டு வாய்யா."

"நீ மட்டும் இன்னாவாம்? செக் பண்ண பேப்பர எங்க வைக்கிற? அங்கதான?"

அம்மாள் அளவுகோலைத் துண்டின்மேல் வைத்தார். சோதனைத் தாள்கள் அங்கேதான் இருந்தன. பழுதான துண்டுகளின் அடியில், பழைய தேதிகள் கீழாகவும் புதியவை மேலாகவும்.

அன்று முதல் நான் கேட்டவை எல்லாம் ஓரிடத்தில் வந்து நின்றன. லாரி வராவிட்டால் அண்ணாத்தே பார்த்துக்கொள்வார். மின்சாரம் போனால், ஒருவர் வராவிட்டால், அம்பத்தூரில் யாராவது கோபித்துக்கொண்டால் அவரே பார்த்துக்கொள்வார். ஒவ்வொருவரின் வேலையும் எங்கே முடிந்ததோ அங்கே அவன் வேலை தொடங்கியிருந்தது. எழுதி முடித்தபோது மூன்று பக்கங்கள் வந்தன. தெளிவான விவரம். மாணவர் யாரேனும் எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

மூன்றாம் வாரத்தில் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். அம்பத்தூரில் இதே தொழிலில் அனுபவம் உள்ளவர். என் மகனின் மேசைக்கு எதிரே நின்றபடி மூன்று பக்கங்களையும் நிதானமாகப் படித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது மூணு ஆள் வேலை. இதுக்கு முன்னாடி எத்தனை பேர் பார்த்தாங்க?"

"ஒருவர்."

"ஏன் விட்டுட்டுப் போயிட்டார்?"

"என் மகன். இறந்துவிட்டான்."

அவர் தாள்களை மடிக்காமல், துண்டுகள் சரிந்துவிடாதபடி அவற்றின் மேல் மெதுவாக வைத்தார். மன்னிக்கச் சொன்னார். ஐயப்பன்தாங்கல் பேருந்து எங்கே நிற்கும் என்று வாசலில் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. நான் எழுதியதை நானே மறுபடி படித்தேன். ஒரு மனிதன் சுமக்கக் கூடியது அன்று என்பது ஒவ்வொரு வரியிலும் தெளிவாக இருந்தது. அதை அவன் பதினோரு ஆண்டுகள் சுமந்தான். எழுத்தில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விவரத்தை மூன்றாகப் பிரிக்க முயன்றேன். பிசிறுள்ள துண்டுகளை ஏற்பதா கழிப்பதா என்ற முடிவை மெஷின் ஓட்டுபவரிடம் ஒப்படைக்க எண்ணினேன். அவரைவிட அதற்குத் தகுதியானவர் அங்கே இல்லை. வேலை நிலைக்க இதுவே வழி என்றும் சொன்னேன்.

"எனுக்குத் தெரியாம இல்ல சார். பாத்தாலே சொல்லிடுவேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா அந்த வேலைய நா எட்த்துகினா, அண்ணாத்தே போயிட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். வேற யார்கிட்டயாவது சொல்லுங்க."

அம்மாளிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார். மூன்றாமவராக நானே அமர்ந்திருக்கலாம். நாற்காலியில் இருந்த துண்டுகளை எடுத்துக் கீழே வைத்தாலே போதும். அதன் அருகே போனேன். ஒன்றையும் தொடாமல் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் முடிந்தது. கொள்முதல் அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஆர்டரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். எல்லோரையும் அழைத்துச் செய்தியைத் தெரிவித்தேன். மெஷின் ஓட்டுபவர் கையில் இருந்த துண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிசிறு இருந்திருக்க வேண்டும். உள்ளே போய் அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

செய்யாமல் விட்டவை:

நிறுவனத்துக்குச் சொந்தமான டைகளைத் திருப்பி அனுப்புதல்.

ஊழியர்களுக்கு அனுபவச் சான்றிதழ் எழுதுதல்.

மேசையிலும் நாற்காலியிலும் உள்ள துண்டுகளைப் பார்த்து முடிவு சொல்லுதல்.

மேலாளர் பணி விவரம், மூன்றாம் பக்கம், கடைசி வரியை நிரப்புதல்: அவர் இல்லாத நாளில் பொறுப்பேற்பவர்.